உத்தேசம் வாக்குறுதியான கதை

நம் சங்கத்து விழாக்களில் இளைஞர்கள் பாதிப் பேரைக் காணோம். விசாரித்தால், "ஸ்பிரிண்ட் முடியல மாமா, சனிக்கிழமையும் ஆபீஸ்தான்" என்கிறார்கள். இரண்டு வாரத்தில் இவ்வளவு முடிப்போம் என்று அவர்களே சொன்ன கணக்குதான் அது. தாங்களே போட்ட கணக்கில் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள்? பெங்களூரில் நெடுங்காலம் இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில், இந்த உத்தேசக் கணக்கின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

கதை கம்ப்யூட்டரில் தொடங்கவில்லை. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் 1950களின் தொடக்கத்தில் டால்கி, ஹெல்மர் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியை முடக்க எதிரிக்கு எத்தனை அணுகுண்டு தேவைப்படும் என்று ஏழு நிபுணர்களிடம் கேட்டார்கள். (விபரீதக் கேள்விதான், பனிப்போர்க் காலம்!) ஒருவர் சொன்னது இன்னார் சொன்னது என்று மற்றவருக்குத் தெரியாது. முதல் சுற்றில் விடைகள் 50 முதல் 5000 வரை பரவிக் கிடந்தன. தகவல்களைப் பெயர் சொல்லாமல் பகிர்ந்து, மறுபடி மறுபடி கேட்டதில், இறுதியில் 167க்கும் 360க்கும் இடையே வந்து நின்றன. இதுவே டெல்ஃபி முறை. சோதனையின் விவரம் 1963இல் வெளியானது.

பேரி போம் 1981இல் வெளியிட்ட நூலில் இதையே மென்பொருளுக்குப் பொருத்தி, நேரடி விவாதத்தையும் சேர்த்துக்கொண்டார். ஒரு திட்டத்தின் ஆரம்ப நிலையில் போடும் உத்தேசம் நான்கு மடங்கு கூடவும் நாலில் ஒன்றாகக் குறையவும் கூடும் என்று காட்டியவரும் அவரே.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் என்ன செய்தேன்? ஒரு கூட்டத்தில், "மூணு வார வேலைதானே இது?" என்று முதலில் நானே வாயைத் திறந்துவிட்டேன். மேஜையைச் சுற்றி எல்லோரும் மூணு என்றார்கள். எட்டு வாரம் ஆனது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தது அந்தப் பிள்ளைகள், நான் இல்லை.

இந்த நோய்க்கு மருந்து 2002இல் வந்தது. 17 பேர் கூடி அஜைல் கொள்கை அறிக்கையை வெளியிட்டது 2001இல். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கிரெனிங், ஓரிருவரே பேசித் தீர்க்கும் கூட்டங்களில் சலித்துப்போய், சீட்டு முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் ஓர் எண்ணைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மைக் கோன் 2005இல் எழுதிய நூலால் இது உலகெங்கும் பரவியது. சீட்டுகளில் 1, 2, 3, 5, 8, 13 என்று எண்கள். ஃபிபோனாச்சி வரிசை என்கிறார்கள். அவர் 1202இல் எழுதுவதற்கு முன்பே நம் நாட்டு யாப்பிலக்கண அறிஞர் ஹேமசந்திரர் மாத்திரைக் கணக்கில் இதைச் சொல்லிவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

எங்கள் குழுவும் சீட்டுக்கு மாறியது. ஒருமுறை எல்லோரும் 3 காட்ட, சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் மட்டும் 13 காட்டினாள். "ஏம்மா?" என்றேன். "சார், பழைய ரெக்கார்டுல தேதி ரெண்டு விதமா இருக்கு. எல்லாத்தையும் மாத்தணும்" என்றாள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எண்ணைவிட அந்த "ஏன்" தான் பெரிது.

அந்த எண்கள் நாட்கள் அல்ல, பருமன். நம் விழாச் சமையல்காரர் "எத்தனை இலை?" என்று கேட்பாரே, அதுபோல. முதலில் நாள் கணக்கில்தான் சொன்னார்கள், இடையூறே இல்லாத நாள் என்று வைத்துக்கொண்டு. ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் ஏன் என்று மேலிடம் குடைந்ததால் 'பாயிண்ட்' என்று பெயர் மாற்றினார்கள். இதைச் சொன்னவர் ரான் ஜெஃப்ரீஸ்.

வினை அங்கேதான் மறுபடி முளைத்தது. "அந்த டீம் 40 பாயிண்ட், நீங்க ஏன் 25?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்டால் என்ன, 3 இருந்த இடத்தில் 5 போட்டால் போச்சு! இலையைச் சின்னதாக நறுக்கி எண்ணிக்கையைக் கூட்டுகிற மாதிரி. பாயிண்ட்டைத் தாமே கண்டுபிடித்திருக்கக்கூடும், அப்படியானால் வருந்துகிறேன் என்று ஜெஃப்ரீஸ் 2019இல் எழுதினார். ஸ்க்ரம் வழிகாட்டி நூலிலும் 2011இலேயே, இரண்டு வார வேலையைக் குறித்த 'உறுதி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'முன்கணிப்பு' என்று மாற்றிவிட்டார்கள்.

இதை அடுத்த கூட்டத்தில் மேலாளரிடம் சொல்லிப் பார் என்று எங்கள் குடியிருப்புப் பையன் ஒருவனிடம் சொன்னேன். "நீங்களே வந்து சொல்லுங்க மாமா" என்கிறான்.