துத்தநாகத்தை அளந்த சரித்திரம்

ரத்தப் பரிசோதனைச் சீட்டிலே சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் கீழே இப்போது துத்தநாகம், செம்பு, செலீனியம் என்னும் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எண்ணும், இன்ன அளவு முதல் இன்ன அளவு வரையில் இயல்பு என்ற ஒரு வரம்பும் அச்சாகி வருகின்றன. சீட்டைக் கையில் வாங்குகிறவர் அந்த எண்ணைத் தம் தேகத்தைப் பற்றிய முடிவான தீர்ப்பாகவே கொள்கிறார். எண் வரம்புக்குக் கீழே இருந்தால் கவலை, உள்ளே இருந்தால் நிம்மதி. ஆனால் துத்தநாகக் குறைவு என்னும் வியாதி மனிதனிடம் கண்டுபிடிக்கப்பட்ட கதையைப் படித்துப் பார்த்தால், நோயாளியின் உருவத்தையும் அவன் உண்ட உணவையும் கண்ட வைத்தியனின் கண்ணே முதலில் வழி காட்டிற்று என்பதும், எண் அதன் பின்னேதான் வந்து சேர்ந்தது என்பதும் விளங்கும்.

துத்தநாகம் உயிர்களுக்கு வேண்டிய பொருள் என்பதை முதன்முதலில் எடுத்துக்காட்டியவர் பாஸ்டரின் மாணவரான ஜூல் ரோலென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அவர் 1869-ல் கரும்பூஞ்சை ஒன்றை வளர்த்துப் பார்த்து, துத்தநாகம் இல்லாத ஊட்டத்தில் அது செழிப்பதில்லை என்று நிரூபித்தார். பூஞ்சையிலிருந்து எலிக்கு வர அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. எந்த உணவுப் பொருளை எடுத்தாலும், எந்தப் பாத்திரத்தைக் கையாண்டாலும் அதில் சிறிதளவு துத்தநாகம் ஒட்டிக்கொண்டிருப்பதால், அது அறவே இல்லாத உணவைத் தயாரிப்பதே பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் டாட், எல்வேஜெம், ஹார்ட் என்ற மூவர் 1934-ல் அதைச் சாதித்து, எலிகளின் வளர்ச்சி குன்றுவதைக் காட்டினார்கள். 1955-ல் அலபாமாவிலே பன்றிகளுக்கு வந்த ஒரு தோல் வியாதி துத்தநாகம் கொடுத்தவுடன் குணமாயிற்று. இத்தனைக்கும் பிறகும், மனிதனுக்கு அந்தக் குறை வருமா என்று கேட்டால், வராது என்பதே அறிஞர்களின் பொதுவான அபிப்பிராயமாக இருந்தது. எங்கும் நிறைந்திருக்கும் ஒரு பொருளுக்குப் பஞ்சம் எப்படி ஏற்படும் என்பது அவர்களுடைய வாதம். வாதத்தில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. உண்பது எல்லாம் உடம்பில் சேரும் என்று அதற்கு அடியில் கிடந்த நம்பிக்கைதான் பிழை.

அந்த அபிப்பிராயத்தைத் தகர்த்தவர் பீகாரில் பக்ஸரிலே பிறந்து, பாட்னாவில் வைத்தியம் கற்று, மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்ற ஆனந்த பிரசாத். ஈரானில் ஷிராஸ் நகரத்து நெமாஸி மருத்துவமனையில் வைத்தியப் பகுதிக்குத் தலைமை வகித்த ஹாபர்ட் ரைமன் அழைத்ததன் பேரில் அவர் 1958-ல் அங்கே போனார். போன சில காலத்துக்குள் ஒரு நோயாளி அவர் முன் கொண்டுவரப்பட்டான். வயது இருபத்தொன்று, பார்வைக்குப் பத்து வயதுப் பாலகன். மீசை அரும்பவில்லை, ஆண்மைக்குரிய அடையாளம் எதுவுமில்லை. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி, தோல் வறண்டு சொரசொரத்து, ரத்தம் வெளிறிக் கிடந்தது. உணவைப் பற்றி விசாரித்தபோது, புளிக்க வைக்காத கோதுமை ரொட்டியே அவனுடைய முழு ஆகாரம் என்பதும், இறைச்சி முதலியவற்றை அவன் அநேகமாகக் கண்டதே இல்லை என்பதும், அதற்கும் மேலாக நாள்தோறும் அரைக் கிலோ அளவுக்குக் களிமண் தின்பது அவனுடைய வழக்கம் என்பதும் தெரிய வந்தன. இவனைப் போன்றவர்கள் அந்தப் பிரதேசத்திலே ஒருவர் இருவர் அல்லர் என்பது அடுத்த சில மாதங்களில் புலப்பட்டது.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணம் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆயின், இரும்பு குறைந்த பிராணிகளின் வளர்ச்சி இவ்விதம் நின்றுபோவதும் இல்லை, அவற்றின் இனவிருத்தி உறுப்புகள் சுருங்குவதும் இல்லை என்பதை நினைத்துப் பார்த்த பிரசாத், இரும்போடு வேறொரு உலோகமும் சேர்ந்தே குறைந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். நல்ல உணவும் இரும்பும் கொடுத்துத் தேற்றியபோது நோயாளிகளின் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி உயர்ந்ததை அவர் கவனித்திருந்தார். துத்தநாகத்தின் துணையின்றி வேலை செய்ய இயலாத நொதி அது. துத்தநாகம் இழந்த எலிகளின் வளர்ச்சி குன்றியதையும் அவர் படித்திருந்தார். இவ்வளவையும் கூட்டிப் பார்த்து, துத்தநாகக் குறையே காரணமாக இருக்கலாம் என்று ஹால்ஸ்டெட், நதீமி என்ற இருவருடன் சேர்ந்து 1961-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் நோயாளியின் துத்தநாக அளவு என்று ஒரு எண்கூடக் கிடையாது, அளக்க வசதி இல்லாத இடத்தில், வைத்தியத்தின் ஆதி ஆயுதங்களாகிய கண்ணும் கேள்வியும் கொண்டு செய்த அநுமானம் அது.

அநுமானத்துக்குப் பிரமாணம் தேட அவர் எகிப்துக்குப் போனார். கெய்ரோவில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நைல் கரைக் கிராமங்களில் அதே விதமான குள்ளர்களும் இருந்தார்கள். அங்கே மண் தின்னும் வழக்கம் கிடையாது. குடற்புழுவும், நத்தைகளின் மூலம் பரவும் ரத்தப்புழு வியாதியும் உண்டு. ரொட்டி மட்டும் இரண்டு தேசங்களுக்கும் பொது. பிளாஸ்மாவிலும், சிவப்பணுவிலும், தலைமயிரிலும் துத்தநாகம் குறைந்திருப்பதைப் பிரசாத்தும் தோழர்களும் அளந்து கண்டனர். கதிரியக்கத் துத்தநாகத்தைச் செலுத்தி அது உடம்பில் செல்லும் வழியையும் தொடர்ந்தனர். துத்தநாக உப்பைக் கொடுத்ததும், வருஷத்துக்கு ஐந்தாறு அங்குலம் வளர்ந்தவர்கள் உண்டு. சில மாதங்களுக்குள் பருவத்தின் சின்னங்களும் தோன்றலாயின. தானியத்தின் உமியை அடுத்த பகுதியிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதும், மாவைப் புளிக்க வைத்தால் ஈஸ்ட் அதைச் சிதைத்துவிடுகிறது என்பதும் இந்தப் புதிரை விடுவித்த உண்மைகள். இப்படி இருந்தும் எதிர்வாதம் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. 1974-ல்தான் அமெரிக்காவின் உணவு, போஷாக்குக் குழு மனிதனுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்று ஏற்று, தினசரி அளவை நிர்ணயித்தது.

இனி அளக்கும் கலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காலத்து முறை டிதைசோன் என்ற சாயத்தைக் கொண்டு செய்வது. ரத்தத்தை அமிலத்தில் காய்ச்சி, அதிலுள்ள சதைப் பொருளை எல்லாம் எரித்துப் போக்கி, எஞ்சிய கரைசலோடு பச்சை நிறமுள்ள டிதைசோனைக் கலந்து குலுக்கினால், துத்தநாகம் அதனோடு கூடிச் சிவக்கும்; சிவப்பின் ஆழமே அளவு. ஆனால் செம்பும் ஈயமும் காட்மியமும்கூட அந்தச் சாயத்தோடு கூடுமாதலால், அவற்றை ஒவ்வொன்றாக விலக்கி மறைக்க வேண்டும். ஹார்வர்டு சர்வகலாசாலையின் பெர்ட் வாலீ இம்முறையில் கைதேர்ந்தவர். குடியினால் கல்லீரல் கெட்டவர்களின் ரத்தத்தில் துத்தநாகம் குறைவதை 1956-ல் காட்டினார்.

இந்தப் பிரயாசையை ஒழித்தது ஓர் எளிய யோசனை. லங்காஷயரில் பிறந்து மெல்போர்னில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆலன் வால்ஷ் என்பவருக்கு, 1952-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கையில் அது உதித்ததாகச் சொல்வார்கள். சுடரிலே சூடேறிய அணுக்கள் வெளிவிடும் ஒளியை அளப்பதே அதுவரை வழக்கம். அவை விழுங்கும் ஒளியை ஏன் அளக்கக் கூடாது? துத்தநாகத்தையே உள்ளே வைத்த விளக்கு 213.9 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை வீசும். அதே ஒளியைச் சுடரிலுள்ள துத்தநாக அணுக்கள் விழுங்கும். பக்கத்தில் செம்பு இருந்தாலும் அநேகமாகத் தொல்லையில்லை. 1955-ல் அவர் இதைப் பிரசுரித்தார். பத்தாண்டுக்குள் பிரசாத்தும் தோழர்களும் இம்முறையிலேயே ரத்தத்தை அளந்து கட்டுரை எழுதினார்கள். 1980-களில் வந்த கருவியோ ஆர்கான் வாயுவைப் பல்லாயிரம் டிகிரி சூட்டுக்கு ஏற்றி, அணுக்களை எடை பிரித்து எண்ணி, ஒரே துளியில் பல உலோகங்களைச் சொல்லிவிடுகிறது.

கருவி நுணுகிற்று, மாசு விடவில்லை. ரத்தக் குழாயின் ரப்பர் மூடியில் துத்தநாக ஆக்சைடு உண்டு. ஆகவேதான் நுண்தாதுச் சோதனைக்கென்று நீல மூடியிட்ட தனிக் குழாய் ஏற்பட்டது. சிவப்பணுவினுள் பிளாஸ்மாவைவிடப் பன்மடங்கு துத்தநாகம் இருப்பதால், ரத்தம் சிதைந்தால் எண் பொய்யாக உயரும். மாசு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குக் குரோமியமே சாட்சி: 1950-களில் பிரசுரமான இயல்பு அளவு, தூசியும் எஃகு ஊசியும் தந்த குரோமியத்தை விலக்கி அளந்தபின், நூற்றுக்கணக்கான மடங்கு சுருங்கிவிட்டது.

சுத்தமாக அளந்தாலும் அந்த எண் எதைச் சொல்லுகிறது? உடம்பிலுள்ள இரண்டு கிராம் அளவான துத்தநாகத்தில் பிளாஸ்மாவில் இருப்பது ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இராது. களஞ்சியத்து நெல்லை வாசலில் சிந்திய மணிகளைக் கொண்டு மதிப்பிடுவதற்கு ஒப்பானது இச்சோதனை. காய்ச்சல் வந்தால் துத்தநாகம் கல்லீரலுக்குள் ஒதுங்கி, எண் தாழும். சாப்பிட்டாலும் தாழும். ஆகவேதான் காலை வெறும் வயிற்றில் ஆணுக்குப் பத்தில் ஒரு லிட்டருக்கு 74 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 70 என்றும், சாப்பிட்ட பின் பிற்பகலில் முறையே 61, 59 என்றும் வேறு வேறு எல்லைகளை நிபுணர் குழு வகுத்திருக்கிறது. சீட்டில் இரத்தம் எடுத்த வேளை அச்சாகாமல் வெறும் எண் மட்டும் வந்தால், அதைப் பாதி விடையாகவே கொள்ளவேண்டும் என்பது என் கருத்து.

மற்றத் தாதுக்களிலும் இந்த நிலையே. வில்சன் வியாதியில் கல்லீரலும் மூளையும் செம்பால் நிறைந்திருக்க, ரத்தத்துச் செம்பு குறைந்தே காணும். இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அழற்சியில் இரும்பு கூடாமலே உயரும். சிறுநீரிலுள்ள அயோடின் ஓர் ஊரின் நிலையைச் சொல்லுமேயன்றி, ஒருவரின் ஒரு வேளை அளவைக் கொண்டு அவரைப் பற்றி எதுவும் தீர்மானிக்க முடியாது.

வைத்திய உலகம் இவ்வெல்லையை உணர்ந்தே நடந்துகொள்கிறது. 2004-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு நாளைக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 10 மில்லிகிராம், பத்து முதல் பதினான்கு நாள் வரையில் கொடுக்கும்படி பரிந்துரைத்தன. கொடுப்பதற்கு முன் ரத்தத்தில் துத்தநாகத்தை அளக்கும்படி அவை கேட்கவில்லை.