பனியும் பணியும்

பனிக்கும் பணிக்கும் உள்ள பேதம் ஒரு சுழிதான். அந்தச் சுழி அடைபட்டுப் போனதால் ஒருநாள் வகுப்பிலே நான் தடுமாறினேன். கல்லூரியின் பழைய கணனித் திரையிலிருந்து வாசித்துக் காட்டியபோது, 'பணி சிறந்தது' என்றிருந்ததைப் 'பனி சிறந்தது' என்றுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பிழை கண்ணினுடையதா, எழுத்தினுடையதா என்ற கேள்வி வீடுவரை என்னோடு வந்தது.

அக்கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியவர் மத்தியூ கார்ட்டர். 1937இல் லண்டனில் பிறந்தவர். பாடசாலை முடித்த கையோடு ஒல்லாந்தின் ஹார்லெம் நகருக்குச் சென்று, உருக்குத் துண்டின் முனையிலே அச்செழுத்துச் செதுக்கப் பயின்றார்.

பின்னாளில் அமெரிக்கத் தொலைபேசி விபரக்கொத்துக்கு எழுத்து அமைக்கும் வேலை அவரிடம் வந்தது. மலிவான தாள், விரைந்தோடும் அச்சு இயந்திரம். மை கசிந்து எழுத்தின் மூலைகளை அடைத்துவிடும். கார்ட்டர், கோடுகள் கூடும் இடங்களிற் சிறு பள்ளங்களை விட்டுவைத்தார். கசிந்த மை பள்ளத்தை நிரப்ப, எழுத்து தன் வடிவைப் பெற்றது. 1978இல் வெளிவந்த 'பெல் சென்ரெனியல்' அதுவே.

மைக்ரோசொப்ற் நிறுவனத்துக்காக அவர் அமைத்த 'வெர்டானா' 1996இல் வந்தது. அக்காலத் திரையிலே சிறிய எழுத்தின் கோடு ஒரு புள்ளி அகலந்தான்; ஒன்றரைப் புள்ளிக்கு அங்கே இடமில்லை. தாளுக்கென வரைந்த வளைவுகள் திரையிற் படிக்கட்டுகளாய் உடைந்தன. கார்ட்டர் முறையைத் தலைகீழாக்கினார். முதலிற் புள்ளிகளால் எழுத்தை அமைத்தார்; அதற்கு இசைய வளைகோட்டைப் பிறகே வரைந்தார். எழுத்தை அகலமாக்கி, இடைவெளியைக் கூட்டினார். ஆங்கிலப் பெரிய 'ஐ', சிறிய 'எல்', எண் ஒன்று ஆகிய மூன்றும் ஒன்றெனத் தோன்றாதபடி வேறுபடுத்தினார். எந்த அளவில் எப்புள்ளி கறுக்கவேண்டும் என்ற கட்டளைகளை ரொம் றிக்னர் எழுதிச் சேர்த்தார்.

இந்தச் சங்கடம் நம் முன்னோர்க்கும் இருந்தது. ஓலை கிழியுமென அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதினார்கள். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், ஏட்டில் இல்லாத புள்ளியைத் தம் புலமையால் இட்டு வாசித்தார்கள். அப்புலமையை அரிச்சுவடி படிக்கும் பிள்ளையிடம் எதிர்பார்க்கலாமா? எழுத்தைத் தெரிவுசெய்பவர் படவேண்டிய சிரமத்தை வாசிப்பவர் தலையிற் சுமத்துவது நியாயமன்று.

இப்போது மாணவருக்கென எதையேனும் திரையில் ஏற்றுமுன், 'பனி', 'பணி' என்ற இரண்டு சொற்களையும் மிகச் சிறிய அளவில் அடித்துப் பார்க்கிறேன். சுழிகள் திறந்து தெரிந்தாற்றான் அந்த எழுத்துக்கு என் வகுப்பில் இடம்.