தாய்மொழி அறிந்த விமானி

இரண்டாவது உலக மகா யுத்தத்தில் ஐரோப்பிய வான்பரப்பில் போரிட்ட அமெரிக்க விமானிகளுள், 28 எதிரி விமானங்களை வானில் வீழ்த்தி முதலிடம் பெற்றவர் பிரான்சிஸ் கேப்ரெஸ்கி. எமது ஐசலினுக்கு மேற்கே, அயல் மாநிலமான பென்சில்வேனியாவில், 1919இல் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து வந்து குடியேறியவர்கள், வீட்டுமொழி போலிஷ்.

அம்மொழியே அவருக்கு வழிதிறந்தது. 1939இல் நாடு பறிபோனபின் போலந்து விமானிகள் பலர் பிரித்தானியாவை அடைந்து, அங்கிருந்து தம் சொந்தக் கொடியின்கீழ்ப் போரிட்டு வந்தனர். அவர்களிடம் பயில விரும்பி, தாமே கேட்டுச் சென்ற கேப்ரெஸ்கி, 1943இன் தொடக்கத்தில் அவர்களது 315ஆவது அணியுடன் ஸ்பிட்பயர் விமானத்தில் பறந்தார். அவசரப்படாது நெருங்கிச் சென்று சுடு என்பதே அங்கு அவர் கற்ற பாடம். பின்னர் அமெரிக்க 56ஆவது குழுவில் தண்டர்போல்ட் விமானம் செலுத்தி அவர் பெற்ற வெற்றிகளுக்கு அப்பாடம் பெரிதும் உதவிற்று.

1944 யூலை 20, திருமணத்திற்காக அவர் ஊர் திரும்பவேண்டிய நாள். பொதிகளும் ஏற்றப்பட்டுவிட்டன. இன்னும் ஒருமுறை பறந்து வருவோம் என்று புறப்பட்டார். (வீரர்க்கு இந்த ஆசை விடுவதில்லை போலும்!) ஜேர்மன் விமானத்தளமொன்றைத் தாழப்பறந்து தாக்கியபோது விமானத்தின் முன்விசிறி தரையில் உரசிற்று. ஐந்து நாள் ஒளிந்து திரிந்தபின் பிடிபட்டார். யுத்தம் முடிந்ததும் விடுதலையாகி, 1945இலேயே மணமுடித்தார்.

அவருக்குப் பாடம் சொன்னவர்களின் கதை வேறு. யுத்தத்தில் வென்ற தரப்பில் நின்றும் அவர்களுக்கு நாடு மீளவில்லை. போலந்து சோவியத் ஆதிக்கத்துள் சென்றது. 1945 யூலையில், லண்டனில் இயங்கிய அவர்களது அரசுக்கு வழங்கிய அங்கீகாரத்தைப் பிரித்தானியா விலக்கிக்கொண்டது. திரும்ப அஞ்சிய பல்லாயிரம் போலந்து வீரர்கள் அங்கேயே தங்கி வாழ 1947இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அவர்களிற் பலர் சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் கூலிவேலைக்குச் சென்றனர்.