யோசிக்கிறானா, இழுக்கிறானா? சீட்டாட்டத்தில் நேரத்தின் கதை

போன வருஷம் சித்திரைப் புத்தாண்டு லீவுக்கு முன்னால, பேராதனைப் பக்கம் நாங்கள் தங்கியிருந்த போர்டிங்கில் ஓமி போட்டி ஒன்று வைத்தோம். எட்டுச் சோடி. சில பேர் கடைசி பஸ்ஸில் கம்பளைக்குப் போக வேண்டியிருந்ததால் ஒரு ஆட்டத்துக்கு 45 நிமிஷம் என்று முடிவானது. மணி அடிக்கும்போது யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. பாதியில் நிற்கும் கை கணக்கில்லை.

அரையிறுதியில் எங்களுக்கு 7, அவர்களுக்கு 6. துரும்பு சொன்னது நாங்கள். ஆனால் எட்டுச் சுற்றில் நாலை அவர்கள் எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒன்று எடுத்தால் 2 புள்ளி, ஆட்டம் கைமாறிவிடும். எதிரில் இருந்தவன் ருவித ஆஸை இறக்கினான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ருவித. இறக்கின இனத்தைத்தான் போட வேண்டும், யோசிக்க ஒன்றுமே இல்லை. நான் யோசித்தேன். சீட்டை விரித்தேன், மடித்தேன், தலையைச் சொறிந்தேன். மணி அடித்தது.

சீட்டைக் கீழே வைத்ததும் அவன் பார்த்துவிட்டான். "மச்சான், ஒண்டுதானே இருந்தது?" என்று மட்டும் கேட்டான். போட்டியை நடத்திய அண்ணாவுக்கு என்ன தீர்ப்புச் சொல்வதென்று தெரியவில்லை. யோசிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லையே. நாங்கள் வென்றோம்.

வரலாறு படிக்கிறவன் என்பதால் பிறகு இதைத் தேடத் தொடங்கினேன். கண்டியில் எல்லாரும் சொல்லும் ருவித, ஹாரத, இஸ்கோப்ப, கலாபர என்ற பெயர்கள் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தவை. ஒல்லாந்தர் கண்டியை நிலையாகப் பிடிக்கவே இல்லை. அவர்களுடைய சீட்டின் பெயர்கள் மட்டும் மலை ஏறி வந்துவிட்டன. ஆனால் வீட்டுத் திண்ணையில் ஆடும் ஆட்டத்துக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. ஒருவன் மெதுவாக ஆடினால் "போடுடா" எண்டு கத்தினால் சரி. ஆட்டம் போட்டியாகும்போதுதான் பிரச்சினை வருகிறது.

சதுரங்கத்தில் இது முதலிலேயே வந்துவிட்டது. 1851இல் லண்டனில் நடந்த முதலாவது சர்வதேசப் போட்டியில் நேரக் கட்டுப்பாடு கிடையாது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டங்களில் எலைஜா வில்லியம்ஸிடம் தோற்ற ஹொவர்ட் ஸ்டொன்டன், அவருடைய மந்தமான ஆட்டத்தைப் பற்றிக் கடுமையாக எழுதினார். வில்லியம்ஸ் உண்மையிலேயே யோசித்தாரா, இல்லை எதிராளியைக் களைக்க வைத்தாரா? அவருடைய மண்டைக்குள் போய்ப் பார்க்க யாராலும் முடியாது. அந்தக் கேள்வியையே விட்டுவிட்டார்கள். 1861இல் அண்டர்சனும் கொலிஷும் மணல் கடிகாரம் வைத்து ஆடினார்கள். 1883 லண்டன் போட்டியில் தோமஸ் பிரைட் வில்சன் வடிவமைத்த இரட்டைக் கடிகாரம் வந்தது. உன் நேரம் உன்னுடையது, எப்படி வேண்டுமானாலும் செலவழி. முடிந்தால் நீ தோற்றாய்.

சுத்தமான தீர்வு மாதிரித் தெரிகிறதா? 2023 நவம்பர் 6ஐ ஞாபகப்படுத்திப் பாருங்கள். டில்லியில் பங்களாதேஷுக்கு எதிரான உலகக் கிண்ண ஆட்டம். ஏஞ்சலோ மெத்யூஸின் ஹெல்மட் பட்டி அறுந்தது. இரண்டு நிமிஷத்துக்குள் அடுத்த பந்துக்குத் தயாராக வேண்டும் என்பது விதி. ஷகிப் அல் ஹசன் முறையிட, ஒரு பந்தும் ஆடாமல் மெத்யூஸ் ஆட்டமிழந்தார். சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் அவர்தான். அன்று எங்கட போர்டிங்கில் கோபப்படாத ஆளே இல்லை. கடிகாரம் நோக்கத்தைக் கேட்காது. அதுதான் அதன் நேர்மை, அதுவே அதன் கொடுமையும்.

சீட்டுக்கு இந்தக் கடிகாரமும் சரிவராது. நாலு பேர், சில செக்கனுக்கு ஒரு தரம் முறை மாறும். ஒவ்வொரு முறையும் யார் கடிகாரத்தை அமத்துவது? அதைவிடப் பெரிய சிக்கல், சோடி ஆட்டத்தில் தாமதமும் ஒரு பேச்சுத்தான். நான் தயங்கினால் என் சோடிக்கு ஒரு செய்தி போகிறது, எதிராளிக்கு ஒரு பொய் போகிறது. பிரிட்ஜ் விதிப்புத்தகம் இதைத் தெளிவாகவே தடுக்கிறது. தயக்கத்தால் எதிராளியை ஏமாற்றக் கூடாது என்று சொல்லி, அதற்கு உதாரணமாகக் காட்டுவது எதைத் தெரியுமா? ஒரே ஒரு சீட்டு இருக்கும்போது யோசிக்கிற மாதிரி இருப்பதை. வாசிக்கும்போது எனக்குக் காது சூடாகிவிட்டது.

1993இல் வெளிவந்த மெஜிக் த கதரிங் என்ற சீட்டாட்டத்தின் போட்டிகளில் இரண்டு குற்றங்களையும் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். மெதுவாக ஆடினால், நோக்கம் எதுவானாலும், முதலில் எச்சரிக்கை. நேரத்தைப் பயன்படுத்தி லாபம் எடுக்க வேண்டுமென்றே இழுத்தால், போட்டியை விட்டே வெளியே. எது எதுவென்று நடுவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. வழக்கமாக 50 நிமிஷச் சுற்று முடிந்ததும் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்பதில்லை. நடக்கும் முறையை முடித்து, அதற்கு மேல் ஐந்து முறை ஆடுவார்கள். கடைசி நிமிஷத்தில் இழுப்பவனுக்குக் கிடைக்கும் லாபம் பெரிதாகக் குறைந்துவிடுகிறது.

இவ்வளவும் வாசித்த பிறகு எனக்குப் பட்டது இதுதான். இழுத்தடிப்பைப் பிடிக்கிறோம் என்று ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். உண்மையிலேயே மெதுவாக யோசிக்கிற அப்பாவிதான் அதில் முதலில் மாட்டுவான், என்னை மாதிரி ஆள் தப்பிவிடுவான். திண்ணையில் நான் அப்படித் தலையைச் சொறிந்திருந்தால் எனக்கு ஒரு புள்ளியும் கிடைத்திருக்காது. அந்தத் தாமதத்துக்கு விலை வந்தது நாங்களே போட்ட 45 நிமிஷ விதியால். அதனால் ஆளைத் திருத்துவதற்கு முதல் விதியைத் திருத்த வேண்டும்.

இந்த வருஷப் போட்டிக்கு ஒரு மாற்றம் கேட்டிருக்கிறேன். 40 நிமிஷத்தில் மணி அடிக்கும். நடக்கும் கையை முடித்து, அதற்குப் பிறகு நாலு பேரும் தலா ஒரு தரம் சீட்டுப் போட்டு ஆடியே எழும்ப வேண்டும். கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்சம் ஓட வேண்டி வரலாம்.

ஏன் இந்த விதி என்று கூட்டத்தில் கேட்டார்கள். போன வருஷம் அந்த ருவிதவோடு நான் யோசிக்கவில்லை, இழுத்தேன் என்று சொன்னேன். எதிரில் இருந்தவன் சிரித்துவிட்டு, "தெரியும் மச்சான்" என்றான்.