பாக் விரிகுடாவில் கடற்பசுப் பாதுகாப்பு

தமிழ்நாட்டுக் கரைக்கும் இலங்கையின் வடமேற்குக் கரைக்கும் நடுவே உள்ள ஆழங்குறைந்த கடற்பரப்பு பாக் விரிகுடா. இந்தியாவில் மிச்சமிருக்கும் கடற்பசுக்களில் பெரும்பகுதி இங்கேயும் இதை அடுத்த மன்னார் வளைகுடாவிலும்தான் வாழ்கின்றன. குஜராத்தின் கட்ச் வளைகுடாவிலும் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் சிறு கூட்டங்கள் உண்டு. எல்லாம் சேர்ந்து 200 முதல் 250 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் அறிவித்தது. அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி, அதிராம்பட்டினம் தொடங்கி அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் பரந்துள்ளது.

கரையோர மக்கள் இவ்விலங்கை ஆவுளியா என்கிறார்கள். மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் வரை வளரும் இந்தப் பாலூட்டிக்குத் திமிங்கிலத்தைவிட யானைதான் நெருங்கிய உறவு. உணவு கடற்புல். நன்கு வளர்ந்த ஆவுளியா நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும். இலையை மட்டும் கடிக்காமல் வேரோடு சேர்த்துப் பிடுங்கித் தின்பதால், அது போன வழி புல்வெளியில் கீற்றாகத் தெரியும். இதன் நெருங்கிய இனமான ஸ்டெல்லர் கடற்பசு, பெரிங் கடலில் 1741இல் கண்டறியப்பட்டது. தோல் வணிகத்துக்காக அந்தப் பக்கம் வந்த வேட்டைக் குழுக்கள் அதன் கறியை உண்டே இருபத்தேழு ஆண்டுகளில் அந்த இனத்தை இல்லாமல் செய்துவிட்டன.

பாதுகாப்பின் கடினம் முழுதும் ஆவுளியாவின் பிள்ளைப்பேற்றில் இருக்கிறது. எழுபது ஆண்டு வரை வாழும் இது, தாயாக முதிர்வதற்கே பல ஆண்டுகள் ஆகும். சினைக்காலம் ஓராண்டுக்கும் அதிகம். ஒரு பேற்றில் ஒரு கன்று. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் இடைவெளி. எந்தத் தொல்லையும் இல்லாத கடலிலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் பெருகாது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இருநூறு சொச்சம் உள்ள இடத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு பெரிய விலங்குகள் மாண்டாலும் பெருக்கத்தில் பாதி போய்விடும். இறந்தவை பெண்களாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது.

ஒருகாலத்தில் இராமநாதபுரம் கரையில் ஆவுளியாக் கறிக்கு நல்ல விலை இருந்தது. மருந்துக் குணம் உண்டென்ற நம்பிக்கையும் சேர்ந்து வேட்டை நெடுநாள் நடந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதை முதல் அட்டவணையில் சேர்த்துப் புலிக்குரிய பாதுகாப்பை அளித்தது. அதன் பிறகும் மறைமுகமாகப் பல ஆண்டுகள் தொடர்ந்த வேட்டை, இப்போது பெரிதும் குறைந்துவிட்டது. இன்று ஆவுளியாவைக் கொல்வது பெரும்பாலும் வேறு மீனுக்காக விரித்த வலை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு விட்டாக வேண்டிய உயிர் இது. திருக்கைக்காகத் தரையோடு கட்டிய செவுள் வலையில் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகிறது. வலை போட்டவருக்கு இதில் ஆதாயம் எதுவும் இல்லை. கிழிந்த வலையோடு, வழக்கு வருமோ என்ற அச்சமும் சேர்கிறது. அந்த அச்சத்தில் உடலைக் கடலிலேயே விட்டுவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட சாவுகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

விசைப்படகின் இழுவைமடி செய்வது வேறு வகைக் கேடு. விரிகுடாவின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழமே உள்ளது. அடி வரை வெயில் எட்டுவதால்தான் பத்துக்கும் மேற்பட்ட கடற்புல் இனங்கள் இங்கே செழிக்கின்றன. பாதுகாப்பக எல்லைக்குள் மட்டும் சுமார் 12,250 ஹெக்டேர் புல்வெளி உண்டு. கனத்த மடி தரையை உரசிச் செல்லும்போது வேர் பிய்கிறது. கிளம்பும் சேறு எஞ்சிய புல்லின் மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கிறது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். இரு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கும் தடை உண்டு. சட்டத்தில் குறையில்லை, காவலில்தான் குறை. இந்த மீறல்களால் ஆவுளியாவைப் போலவே நாட்டுப்படகுக்காரரும் பாதிக்கப்படுகிறார். இறாலும் நண்டும் வளர்வதும் அதே புல்லில்தான்.

இவ்விடத்தைத் தேசியப் பூங்கா ஆக்காமல் பாதுகாப்பகம் ஆக்கியது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பகம் பற்றிய பிரிவில் மக்களை வெளியேற்றும் பேச்சு இல்லை. நிர்வாகக் குழுவில் உள்ளூராருக்கும் இடம் உண்டு. மீனவர்மேல் புதிய தடை எதுவும் வராது என்று அரசும் உறுதி கூறியது. பக்கத்து மன்னார் வளைகுடாவில் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தபோது, தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களின் வாழ்வு நெருக்கடிக்கு உள்ளானது. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை. பாக் விரிகுடாவில் இது மறுபடி நேரக் கூடாது.

இந்திய வனவுயிர் நிறுவனம் 2016இல் தொடங்கிய கடற்பசு மீட்புத் திட்டமும் மீனவரைச் சேர்த்துக்கொண்டே நடந்தது. கடலில் ஆவுளியாவைப் பார்த்தால் தகவல் சொல்ல மீனவத் தன்னார்வலர்களைத் திரட்டினார்கள். மீனவப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தந்தார்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவித்தவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளிக்கிறது. வலையை அறுத்து விட்ட மீனவருக்கு ஆகும் இழப்பை நோக்க, பரிசு சிறிது. வலைக்கு முழு ஈடு உடனே கையில் கிடைத்தால், சாவை மறைக்கும் வழக்கமும் குறையும். அழிந்த புல்வெளியில் மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டிக் கடற்புல் நாற்றை நடும் முயற்சியும் இக்கரையில் நடக்கிறது. மடி போகாத இடத்தில்தான் அந்த நாற்று பிழைக்கும்.

பாதுகாப்பகம் விரிகுடாவின் ஒரு மூலை மட்டுமே. புல்லைத் தேடி மேயும் ஆவுளியாவுக்கு 1974இல் வகுத்த கடல் எல்லை தெரியாது. கடற்பசுப் பாதுகாப்புக்கான பன்னாட்டுப் புரிந்துணர்வில் இந்தியா 2008இலும் இலங்கை 2012இலும் கையெழுத்திட்டன. அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டப்படி தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா, பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டில் ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. கடன் சுமையும் ஆழ்கடல் தொழிலில் பழக்கமின்மையும் சேர்ந்து பலரைத் தயங்க வைத்ததால், அந்த இலக்கு எட்டப்படவில்லை. எல்லை தாண்டிய இழுவை இன்றும் இரு கரை மீனவருக்கும் இடையே தீராப் பகையாக நிற்கிறது. யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள் தங்கள் வலையும் கடற்புல்லும் போவதாக முறையிடுவதும், அதிராம்பட்டினத்து நாட்டுப்படகுக்காரர் முறையிடுவதும் ஒரே இழுவைமடியைப் பற்றித்தான்.