பக்கத்து வீட்டுக்குப் பணம் வந்த நாள்

2008 செப்டம்பர் 1, திங்கட்கிழமை. இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவோடு கடையை மூடிவிடுவார்கள். அன்றைக்குப் பார்த்து மான்செஸ்டர் நகரத்துக்கு ஒரு செய்தி வந்தது. மான்செஸ்டர் சிட்டி கிளப்பை அபுதாபிக்காரர்கள் வாங்குகிறார்கள்!

வாங்கியவர் அபுதாபி அரச குடும்பத்து ஷேக் மன்சூர். இருபது கோடி பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. அன்றே ரியல் மாட்ரிட்டிடமிருந்து பிரேசில் ஆட்டக்காரர் ராபின்ஹோவை வாங்கிப் போட்டார்கள். விலை 3 கோடியே 25 லட்சம் பவுண்டு. அதுவரை எந்த பிரிட்டிஷ் கிளப்பும் ஒரு ஆளுக்கு அவ்வளவு கொடுத்ததில்லை. ராபின்ஹோவுக்கே தலை சுற்றியிருக்க வேண்டும். நிருபர்களிடம் பேசும்போது 'செல்சீ நல்ல ஆஃபர் கொடுத்தது, ஒப்புக்கொண்டேன்' என்றார். மான்செஸ்டரைத்தானே சொல்கிறீர்கள் என்று ஒரு நிருபர் எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஸாரி சொன்னார். அதுவரை அவர் போவதாக இருந்த இடம் செல்சீ!

ஊரின் இன்னொரு பாதி விழுந்து விழுந்து சிரித்தது. அந்த இன்னொரு பாதி, மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். அவர்கள் என்ன சொன்னார்கள், அதில் எவ்வளவு நியாயம் என்பதுதான் இன்றைக்கு நம் கணக்கு. பி.காம். படித்தவனிடம் சிக்கினால் கால்பந்தும் கணக்காகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய பாக்கி. 1999 மே 26. யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்று, ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பைகள் என்ற சாதனையைச் செய்தது. நான்கே நாள் கழித்து சிட்டியும் ஒரு இறுதி ஆட்டம் ஆடியது. எதற்கு? மூன்றாவது டிவிஷனிலிருந்து இரண்டாவதற்கு ஏற! எதிரணி ஜில்லிங்ஹாம். அதிலும் பெனால்ட்டி வரை போய்த்தான் ஜெயித்தார்கள்.

சிட்டி கடைசியாகப் பெரிய கோப்பை வென்றது 1976-ல். அதை நினைவுபடுத்த யுனைடெட் ரசிகர்கள் தங்கள் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். எத்தனை வருஷமாகக் கோப்பை இல்லை என்ற எண் அதில் இருக்கும். வருஷா வருஷம் ஒன்றைக் கூட்டி மாற்றுவார்கள். அந்த வீட்டுக்குத்தான் திடீரென்று எண்ணெய்ப் பணம் வந்தது.

யுனைடெட் ரசிகர்களின் பேச்சை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது கிண்டல். மன்சூர் வந்தபின் நடந்த முதல் ஆட்டத்துக்குச் சில சிட்டி ரசிகர்கள் தலையில் துண்டை அரபு பாணியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். செல்சீயிடம் 3-1 என்று தோற்றுத் திரும்பினார்கள். எதிராளிக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த வருஷம் யுனைடெட் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், சிட்டியை சத்தம் போடும் பக்கத்து வீட்டுக்காரர் என்றார். அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது, 'எல்லாம் காசு கொடுத்து வாங்கியது. இவர்களுக்கு ஏது சரித்திரம்?' என்ற ஏளனம். மூன்றாவது, கொஞ்சம் கனமானது. 'இது யாருடைய பணம்? அந்த ஊரில் எதிர்த்துப் பேசுகிறவனுக்கு என்ன கதி?' 2018-ல் ஆம்னெஸ்டி இதையே கேட்டது. நாட்டின் அழுக்கை விளையாட்டைக் கொண்டு வெளுக்கிறார்கள் என்றது. ஸ்போர்ட்ஸ்வாஷிங் என்ற வார்த்தை அப்படித்தான் நம்ம ஊர்ப் பத்திரிகை வரைக்கும் வந்து சேர்ந்தது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது உண்மையா? சந்தேகமே வேண்டாம். 2011 மே மாதம் முடிந்த ஆண்டுக்கு சிட்டி காட்டிய நஷ்டம் 19 கோடியே 49 லட்சம் பவுண்டு. வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஆடிட்டர் மயங்கி விழுந்திருப்பார். சிட்டி ரசிகர்கள் ஆடிப் பாடினார்கள். ஏனென்றால் அதே மாதம் 14-ம் தேதி எஃப்.ஏ. கோப்பையை வென்றார்கள். பேனரில் 35-க்கு வந்திருந்த எண்ணிக்கை நின்றது. பேனரையும் கழற்றினார்கள்.

ஆனால், யுனைடெட் மட்டும் காற்றைக் குடித்தா வளர்ந்தது? சிட்டி ராபின்ஹோவை வாங்கிய அதே நாளில் யுனைடெட் பெர்பட்டோவை வாங்கியது. விலை 3 கோடிக்கு மேல்!

இன்னும் பின்னால் போவோம். 1902. மான்செஸ்டரில் நியூட்டன் ஹீத் என்றொரு கிளப் 2,670 பவுண்டு கடனில் மூழ்கிக் கிடந்தது. கோர்ட் பூட்டு போட உத்தரவிட்டுவிட்டது. காப்பாற்றியவர் ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பணக்காரர். தொழில், பீர் காய்ச்சுவது. கேப்டனின் தொலைந்துபோன நாய் இவர் கையில் கிடைத்ததால்தான் அறிமுகமே ஆனது என்று ஒரு கதையும் உண்டு. டேவிஸ் பணம் போட்டார், கிளப்பின் பெயரை மாற்றினார்கள். புதுப் பெயர்? மான்செஸ்டர் யுனைடெட்! ஓல்ட் டிராஃபோர்ட் மைதானமும் அவர் பணத்தில் எழுந்ததுதான். 1931-ல் மறுபடி சம்பளம் கொடுக்க வழியில்லாதபோது ஜேம்ஸ் கிப்சன் என்ற தொழிலதிபர் 2,000 பவுண்டோடு வந்து நின்றார்.

இன்னொரு வேடிக்கை. 1906-ல் கால்பந்து சங்கம் சிட்டியின் கணக்கைத் தோண்டியது. அன்றைய விதிப்படி ஒரு ஆட்டக்காரருக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. சிட்டி மேசைக்கு அடியில் கூடுதலாகக் கொடுத்திருந்தது. 17 ஆட்டக்காரர்களுக்குத் தடை. இனி சிட்டிக்கு ஆடவே கூடாது என்றும் உத்தரவு. அவர்களில் நான்கு பேரை அள்ளிக்கொண்டு போனது யார்? யுனைடெட்! நட்சத்திர ஆட்டக்காரர் பில்லி மெரடித்தும் அதில் ஒருவர். 1908-ல் யுனைடெட் முதல் லீக் பட்டம் வென்றது அவர்களை வைத்துத்தான்.

117 வருஷம் கழித்து, 2023 பிப்ரவரியில், பிரீமியர் லீக் சிட்டி மீது நிதி விதிகளை மீறியதாக நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளை வைத்தது. சிட்டி எல்லாவற்றையும் மறுத்தது. யுனைடெட் ரசிகர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். மெரடித்தை மறந்துவிட்டார்கள்.

அப்படியானால் வெறும் வயிற்றெரிச்சலா? இல்லை. 2008-ல் அவர்கள் சிரித்த சிரிப்புக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு அவர்கள் வீட்டையும் ஒரு அந்நியர் வாங்கியிருந்தார்.

அமெரிக்காவின் மால்கம் கிளேசர் குடும்பம் 2005-ல் யுனைடெட்டை வாங்கியது. மதிப்பு சுமார் 79 கோடி பவுண்டு. எப்படி வாங்கினார்கள் என்பதில்தான் விஷயம். நீங்கள் கடன் வாங்கி ஒரு வீடு வாங்குகிறீர்கள். அந்த வீட்டையே அடமானம் வைக்கிறீர்கள். அதுவரை சரி. பிறகு மாசாமாசம் தவணையை அந்த வீட்டில் குடியிருப்பவர் தலையில் கட்டினால்? அதுதான் நடந்தது. விலையில் பாதிக்கு மேல் கடன். அதுவரை கடனே இல்லாத கிளப், தன்னை வாங்கியவரின் கடனுக்கு வட்டி கட்ட ஆரம்பித்தது. டிக்கெட் விலை ஏறியது.

இதற்கு முன்னால், 1998-ல், முர்டாக்கின் பிஸ்கைபி டி.வி. நிறுவனம் 62 கோடி பவுண்டுக்கு யுனைடெட்டைக் கேட்டபோது ரசிகர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அடுத்த வருஷம் அரசாங்கமே அந்த விற்பனையைத் தடுத்தது. 2005-ல் தடுக்க ஆளில்லை. மனம் வெறுத்த சிலர் வெளியேறி, எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப்பே தொடங்கிவிட்டார்கள். கடைசி வரிசை டிவிஷன்களில் ஆட்டம். எவ்வளவு பணம் போட்டாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான். வெளியேறாதவர்கள் 2010-ல் சிவப்பை விட்டுவிட்டு, பழைய நியூட்டன் ஹீத் நிறமான பச்சையும் மஞ்சளும் கொண்ட மஃப்ளர் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள்.

இப்போது மறுபடி அந்த இரண்டு வீடுகளையும் பாருங்கள். ஒரு வீட்டுக்கு வந்தவர் கொண்டுவந்து கொட்டினார். இன்னொரு வீட்டுக்கு வந்தவர் கடனைக் கொண்டுவந்து வைத்தார். யுனைடெட் ரசிகர்களைக் குத்தியது இதுதான். 2011 அக்டோபரில் ஓல்ட் டிராஃபோர்டிலேயே சிட்டியிடம் 6-1 என்று உதை வாங்கியபோதும், 2012 மே 13-ல் அகுவேரோ கடைசி நிமிடத்தில் கோல் போட்டு லீக் பட்டத்தைப் பறித்துக்கொண்டு போனபோதும், ஆத்திரம் பாதி சிட்டி மேல், பாதி தங்கள் ஓனர் மேல்.

சிட்டி ரசிகர்களைக் கேட்டால்? 'மன்சூருக்கு மான்செஸ்டர் நன்றி சொல்கிறது' என்று பேனர் கட்டிவைத்தார்கள். முப்பத்தைந்து வருஷம் ஏளனம் கேட்டவர்கள், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த மூன்றாவது கேள்வி, யாருடைய பணம் என்ற கேள்வி, கேட்டவன் எதிரி என்பதற்காகப் பொய்யாகிவிடாது.

கதையின் கடைசிக் காட்சி. 2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தனியாக ஒரு சூப்பர் லீக் தொடங்கப்போவதாக அறிவித்தன. நிறுவனர்களாகச் சேர்ந்த கிளப்புகளுக்கு அதில் தோற்றாலும் இடம் போகாது. பட்டியலில் யுனைடெட் இருந்தது. சிட்டியும் இருந்தது. அமெரிக்கக் கடன்காரரும் அபுதாபி பணக்காரரும் ஒரே காகிதத்தில் கையெழுத்து! ரசிகர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் இரண்டு பாதியும் ஒரே விஷயத்தைச் சொன்னது. எங்களைக் கேட்காமல் எப்படிச் செய்வாய்? எதிர்ப்பில் 48 மணி நேரத்துக்குள் இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின. முதலில் நழுவியது சிட்டி. யுனைடெட் ரசிகர்களுக்குக் கோபம் தணியவில்லை. மே 2-ம் தேதி ஓல்ட் டிராஃபோர்டுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். லிவர்பூலோடு நடக்கவேண்டிய ஆட்டம் தள்ளிப் போனது.

அடுத்த வீட்டை யார் வாங்கினார்கள் என்று எட்டிப் பார்த்துச் சிரிப்பது மனித சுபாவம். தப்பில்லை. சிரித்து முடித்ததும் நம் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.