துயிலாத மழலையர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், பருத்தி ஆலைகள் புகை கக்கிய நகரங்களில், மருந்துக் கடைதோறும் ஒரு புட்டி மலிவாக விற்றது. 'காட்ஃபிரே கார்டியல்' என்பது அதன் பெயர். சர்க்கரைப் பாகும் நறுமணப் பட்டையும் நீரும் கலந்த அந்த இனிய திரவத்தில் அபினியும் கரைந்திருந்தது. விடியுமுன் ஆலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்பிய தாய், தன் கைக்குழந்தையை அண்டை வீட்டு மூதாட்டியிடமோ, பத்து வயதுகூட நிரம்பாத சிறுமியிடமோ விட்டுச் செல்வாள். பகலில் பிள்ளை அழாமல் கிடக்க ஒரு கரண்டி. இரவில் தாய் சற்றே கண்ணயர இன்னொரு கரண்டி. 1845-ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலை குறித்து நூல் எழுதிய ஏங்கல்ஸ், இந்தப் புட்டியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்.

கடைக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் கைப்பக்குவப்படி அதனைத் தயாரித்தனர். ஆதலின் ஒரு கடைப் புட்டியில் இருந்த அபினியின் அளவு அடுத்த கடைப் புட்டியில் இல்லை. அதனினும் கொடியது, அபினி அடியில் படிந்துவிடும் என்பது. மேலாக ஊற்றிய கரண்டிகள் உறக்கம் தந்தன. அடிவண்டலோடு வந்த கடைசிக் கரண்டி சில வேளைகளில் உயிரையே பறித்தது. மெல்லக் கொல்வதும் உண்டு. அபினி பசியை மழுங்கச் செய்யும். பாலுக்கு அழ மறந்த குழந்தை நாளடைவில் மெலிந்து மடியும்.

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பாங்கர் நகரில், 1849-இல், 'திருமதி வின்ஸ்லோவின் அமைதிப் பாகு' விற்பனைக்கு வந்தது. ஜெரமையா கர்ட்டிஸ் என்னும் வணிகர் செவிலியரான தம் மாமியாரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பல் முளைக்கும் குழந்தையின் வேதனைக்கு அருமருந்து என்றது விளம்பரம். அதற்குள் இருந்ததோ மார்பின். 1906-இல் அமெரிக்கா இயற்றிய தூய உணவு, மருந்துச் சட்டம் அதனைத் தடை செய்யவில்லை. உள்ளே மார்பின் இருந்தால் அதைச் சீட்டில் அச்சிட வேண்டும் என்று மட்டுமே ஆணையிட்டது. ஆயினும் அந்த ஒரு வரியே பல தாய்மாரின் கண்களைத் திறந்தது. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் போலி மருந்துகளைத் தொகுத்து வெளியிட்ட நூலில் இந்தப் பாகைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் சேர்த்தது. நம் நாட்டிலும் பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் உழைத்த பெண்கள் இதே காரணத்திற்காகத் தம் குழந்தைகளுக்கு அபினிச் சிற்றுருண்டை கொடுத்து வந்தனர்.

அந்தத் தாய்மாரைக் கடிந்து எழுதுவது எளிது. அக்காலத்து ஒழுக்கப் போதகர் பலரும் அதைத்தான் செய்தனர். ஆனால் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் தறியருகில் நின்றவளுக்கு இரவில் உறக்கம் இல்லையெனில் மறுநாள் வேலையில்லை. வேலையில்லையெனில் வீட்டில் அடுப்பெரியாது. குழந்தையின் உறக்கத்தை அவள் விலைக்கு வாங்கியது தன் சுகத்திற்காக அன்று. இந்த வரலாறு முழுவதிலும் நாம் மறவாமல் கேட்க வேண்டிய வினா இதுதான்: புட்டியைத் திறப்பது யாருடைய தேவைக்காக? குழந்தையின் தேவைக்காகவா, அன்றிக் குழந்தையைச் சூழ்ந்திருப்போரின் தேவைக்காகவா?

அபினிக்குப் பின் வந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. புரோமைடு, குளோரால், பார்பிட்டுரேட் எனப் பெயர்கள் மாறின. ஒவ்வாமைக்கென உருவான புரோமெத்தசினும் அதன் மயக்கத்திற்காகவே பிள்ளைகளுக்குப் புகட்டப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2004-இல் கடுமையாக எச்சரித்தது. இவை அனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்று: மூளையின் விழிப்பை அழுத்தி அடக்குவது. மெலட்டோனின் என்னும் பொருள் இந்த வரிசையைச் சேர்ந்ததன்று. அது வந்த வழியே வேறு.

மூளையின் நடுவே, ஓர் அரிசி மணியைவிடச் சற்றே பெரிதாக, பீனியல் என்னும் சுரப்பி உள்ளது. பைன் மரத்தின் காயை ஒத்த வடிவினால் பெற்ற பெயர் அது. பண்டைய மருத்துவர் காலனும் அதனை அறிவார். பிரெஞ்சு மெய்யியலார் டெக்கார்ட், 1649-இல் வெளியிட்ட நூலில், ஆன்மாவின் தலைமை இருக்கை இந்தச் சுரப்பியே என்றார். மூளையில் மற்றவை எல்லாம் வலமும் இடமுமாக இரட்டையாய் இருக்க, இது ஒன்று மட்டும் ஒற்றையாய் இருக்கிறதே என்பது அவருடைய வாதம். குருமடத்தில் மெய்யியல் வகுப்பில் இப்பகுதி வரும்போதெல்லாம் மாணவர் நகைப்பது வழக்கம். ஆன்மா அங்கே இல்லைதான். ஆயினும் அந்தச் சிறு சுரப்பி வெறும் எச்சமாய்க் கிடக்கவும் இல்லை.

அதன் மருத்துவ வரலாறும் ஒரு குழந்தையிடமே தொடங்குகிறது. 1898-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹாய்ப்னர், நாலரை வயதிலேயே பருவமெய்திய ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுடைய பீனியல் சுரப்பியில் கட்டி இருந்தது. 1917-இல் மெக்கார்டு, ஆலன் என்னும் இருவர், மாட்டின் பீனியல் சாற்றைத் தலைப்பிரட்டைகள் இருந்த நீரில் இட்டபோது அவற்றின் கருந்தோல் வெளுத்துப் போவதைக் கண்டனர். நாற்பது ஆண்டுகள் எவரும் இதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

பின்னர் அதனைக் கையிலெடுத்தவர் யேல் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர். தோலை வெளுக்கச் செய்யும் அப்பொருள் வெண்படை போன்ற நிற நோய்களுக்கு வழிகாட்டக்கூடும் என்பது அவருடைய நம்பிக்கை. இறைச்சிக் கூடங்களிலிருந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளின் பீனியல் சுரப்பிகளைத் திரட்டிப் பிழிந்து, பிரித்து, மீண்டும் பிரித்து, ஓர் ஊசிமுனையளவே எஞ்சிய பொருளை 1958-இல் இனங்கண்டார். கருநிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், அது பிறந்த மூலப்பொருளான செரட்டோனினின் ஈற்றையும் இணைத்து மெலட்டோனின் எனப் பெயரிட்டார். மனிதத் தோலின் நிறத்தை அது மாற்றவில்லை, தேடியது கிட்டவில்லை. கிட்டியதோ அவர் தேடாத ஒன்று.

அது என்ன என்பது அடுத்த கால் நூற்றாண்டில் தெளிவாயிற்று. விழியில் படும் ஒளி, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புத் திரளுக்குச் செய்தி அனுப்புகிறது. அதுவே உடலின் கடிகாரம். அந்தி மயங்கியதும் கடிகாரம் பீனியல் சுரப்பிக்கு ஆணையிட, மெலட்டோனின் குருதியில் ஏறுகிறது, விடியலில் இறங்குகிறது. 1980-இல் ஆல்ஃபிரட் லூயி தம் குழுவினருடன், பேரொளியை இரவில் காட்டினால் மனித உடலில் இச்சுரப்பு நின்றுபோகும் என்று மெய்ப்பித்தார். வளர்ந்தோரைவிடச் சிறுவரின் சுரப்பு ஒளிக்கு எளிதில் அடங்கிவிடும் என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. படுக்கையறை வரை கைப்பேசியைக் கொண்டுசெல்லும் நம் இல்லங்கள் இதனைக் கருத வேண்டும். பிறந்த குழந்தைக்கு இந்த இரவுச் சுரப்பு இல்லை. ஏறத்தாழ மூன்று மாதத்தில்தான் அதன் ஒழுங்கு தோன்றுகிறது. அதுவரை இரவில் சுரக்கும் தாய்ப்பாலோடு தாயின் மெலட்டோனினும் சிறிதளவு சேய்க்குச் சேர்கிறது.

ஆக, மெலட்டோனின் தாலாட்டு அன்று. மயக்க மருந்தும் அன்று. 'இரவு வந்துவிட்டது' என்று உடலுக்கு அறிவிக்கும் முரசு. இந்த வேறுபாட்டை மறந்ததால்தான் பின்னாளில் குழப்பங்கள் விளைந்தன.

அந்த முரசு கேட்காத உடல்கள் உண்டு. மனிதனின் உட்கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தில் சுற்றுவதில்லை. பெரும்பாலோரிடம் சற்றே கூடுதலாக ஓடும். அன்றாடம் கதிரவனே அதனைத் திருத்தி வைக்கிறான். ஒளியை அறவே உணராத பார்வையற்றோரில் பலருக்கு அந்தத் திருத்தம் வாய்ப்பதில்லை. ஆகவே அவர்களது உறக்கம் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தள்ளிச் சென்று, சில வாரங்களில் நள்ளிரவில் விழிப்பும் நண்பகலில் உறக்கமுமாய் ஆகிவிடும். 1988-இல் இங்கிலாந்தின் ஜோசஃபின் ஆரண்ட் குழுவினர், இவ்வாறு அலைக்கழிந்த பார்வையற்ற ஒருவருக்கு மெலட்டோனின் கொடுத்து அவருடைய உறக்கத்தை இரவோடு இணைத்தனர்.

குழந்தைகளுக்கு இதனைக் கொண்டு சென்றவர்களில் முன்னோடி, கனடா நாட்டு வான்கூவர் நகரில் பார்வைக் குறையுள்ள சிறுவர்க்குப் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் ஜான். பார்வைக் குறையோடு மூளை வளர்ச்சிக் குறையும் வலிப்பும் சேர்ந்த பிள்ளைகள் அவரிடம் வந்தனர். வேறு மருந்துகள் பயனளிக்காதவர்கள் அவர்கள். படுக்கும் வேளையில் 2 முதல் 10 மில்லிகிராம் வரை மெலட்டோனின் கொடுத்த 15 சிறுவரைப் பற்றிய அறிக்கையை 1994-இல் அவரும் தோழர்களும் வெளியிட்டனர். உறக்கம் சீரடைந்ததோடு பிள்ளைகளின் உடல்நலமும் நடத்தையும் தேறின என்றது அறிக்கை.

பதினைந்தே பேர், சிறிய எண்தான். ஆனால் இத்தகைய பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்குள் சென்று வந்தவர்கள் அந்த எண்ணைச் சிறிதாக எண்ணமாட்டார்கள். அங்கே தாயும் தந்தையும் முறை வைத்துக்கொண்டு உறங்குவார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே நேரத்தில் இருவரும் கண் மூடியதில்லை. உறவினர் வருகை குறைந்துபோகும். 'பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை' என்ற ஏச்சும் சேரும். ஓரிரவு முழுவதும் வீடு உறங்கியது என்பது அவர்களுக்குத் திருவிழா. இங்கே புட்டி திறக்கப்பட்டது குழந்தையின் குறையைத் தீர்க்கத்தான். பெற்றோர் அடைந்த இளைப்பாறல் அதன் வழி வந்தது. காட்ஃபிரே புட்டியின் கதைக்கு இது நேர்மாறானது.

அதே 1994-இல் அமெரிக்கப் பேரவை உணவுத் துணைப்பொருள்கள் பற்றிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் நிழலில் மெலட்டோனின், வைட்டமின் மாத்திரைகளோடு ஒன்றாகக் கடை அலமாரியில் ஏறியது. மருத்துவர் சீட்டு வேண்டியதில்லை. விற்பனைக்கு முன் பயனை நிறுவ வேண்டியதுமில்லை. அடுத்த ஆண்டே அதனை அற்புதம் என்று போற்றிய நூல் அங்கே விற்பனையில் முன்னணி வகித்தது. இத்தனைக்கும், 0.3 மில்லிகிராம் அளவே பெரியவர்களை உறங்கச் செய்யப் போதும் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ரிச்சர்டு வுர்ட்மன் குழு 1994-இல் காட்டியிருந்தது. கடைகளில் விற்றதோ அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும்.

காலப்போக்கில் மாத்திரை ஜெல்லி மிட்டாயாக உருமாறியது. பழச்சுவை, கரடி உருவம், பளபளக்கும் குப்பி. குழந்தை தானே கை நீட்டி எடுக்கும். அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு, சிறுவர் மெலட்டோனின் உட்கொண்டதாக 2012-இல் வந்த அழைப்புகள் 8,337; 2021-இல் அவை 52,563. பெரும்பாலோர்க்குத் தீங்கு நேரவில்லை என்பது ஆறுதல். ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் ஐந்து பிள்ளைகளுக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது, இருவர் இறந்தனர். 2023-இல் 25 வகை மிட்டாய்களைச் சோதித்தபோது 22-இல் சீட்டிலுள்ள அளவும் உள்ளேயுள்ள அளவும் பொருந்தவில்லை. குறிப்பிட்டதைப்போல் மும்மடங்குக்கும் மேல் இருந்ததும் உண்டு. ஒன்றில் மெலட்டோனினே இல்லை. மெலட்டோனின் அபினி அன்று. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்துவது நேர்மையுமன்று. எனினும் புட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை அறியாமல் தாய் கரண்டியைப் பிடித்திருந்த அந்தப் பழைய காட்சி, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் வண்ணக் குப்பியோடு திரும்பியிருக்கிறது.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. அங்கே குழந்தைகளுக்கு மெலட்டோனின் கொடுக்க மருத்துவர் சீட்டு வேண்டும். பால் கிரிங்ராஸ் முதலான மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் கவனிக்கத்தக்க ஒரு முறை இருந்தது. நரம்பு வளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு முதலில் மருந்து தரவில்லை. உறக்கப் பழக்கங்களைச் சீராக்குவது எப்படி என்று விளக்கும் கையேடு ஒன்றையே தந்து சில வாரங்கள் காத்திருந்தனர். அதற்குப் பின்னும் தேறாத 146 பேரே சோதனைக்குள் சேர்க்கப்பட்டனர். மெலட்டோனின் பெற்றவர்கள், கைக்கருவியின் கணக்குப்படி, 45 நிமிடம் விரைவாக உறங்கினர். ஆனால் காலையில் ஏறத்தாழ 30 நிமிடம் முன்னதாகவே விழித்தனர். பெற்றோரின் குறிப்பேட்டின்படி மொத்த உறக்கம் கூடியது 22 நிமிடமே. முரசு, இரவைச் சற்று முன்னே நகர்த்தியது, அதனை நீட்டிக்கவில்லை. மெல்லக் கரையும் சிறு மாத்திரையைக் கொண்டு 125 பிள்ளைகளிடம் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், உறக்கம் சராசரியாக 57 நிமிடம் கூடியது. போலி மாத்திரை பெற்றோருக்கு 9 நிமிடம். மறு ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அம்மாத்திரையை ஏற்றது. உறக்கப் பழக்கங்களைச் சீராக்கியும் பயன் காணாத, 2 முதல் 18 வயது வரையிலான ஆட்டிசக் குழந்தைகளுக்கும் ஸ்மித்-மெகெனிஸ் என்னும் அரிய மரபணுக் கோளாறு உள்ளோருக்கும் மட்டுமே அப்போது அந்த இசைவு இருந்தது.

இந்த இரண்டாம் குழுவினரின் நிலை வியப்புக்குரியது. அவர்களில் பெரும்பாலோருக்கு மெலட்டோனின் பகலில் சுரக்கிறது, இரவில் அடங்கிவிடுகிறது. பள்ளியில் தலை சாய்ந்துபோகும். நள்ளிரவில் வீடு முழுதும் நடமாடுவார்கள். அடங்காப் பிள்ளை என்று அடி வாங்கியவர்களும் இருப்பர். பிரான்ஸ் நாட்டுக் குழந்தை மருத்துவர் எலென் த லெர்ஸ்நிடர் 2001-இல் இந்தத் தலைகீழ் ஒழுங்கை விளக்கிய பின்னர், காலையில் இரத்த அழுத்தத்துக்குரிய ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பகற்சுரப்பை அடக்கி, இரவில் மெலட்டோனின் கொடுக்கும் முறையையும் வகுத்தார். அப்பிள்ளைகள் பகலில் விழித்திருந்தனர். அவர்களது நடத்தையும் சீரடைந்தது.